வெள்ளிக்கிழமை வைக்க முடியாது சார்

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஆரம்பித்த புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். “அடுத்த வாரம் அஞ்சு நாள்ல ஒரு நாள் டெஸ்ட். எந்த நாள்னு முந்தின நாள் சாயங்காலம்கூட உங்களால சொல்ல முடியாது.”

கடைசி பெஞ்ச்சிலிருந்து ஒருவன் எழுந்தான். “வெள்ளிக்கிழமை வைக்க முடியாது சார். வியாழன் சாயங்காலம் வரைக்கும் வைக்கலைன்னா மறுநாள்தான்னு தெரிஞ்சுடுமே. வெள்ளி போச்சுன்னா வியாழன்தான் கடைசி. அப்ப புதன் சாயங்காலமே தெரிஞ்சுடும்...” இப்படியே பின்னால் வந்து திங்களையும் அடித்துவிட்டு, “ஆக, டெஸ்ட்டே கிடையாது சார்” என்றான். வகுப்பே பெஞ்ச்சைத் தட்டியது.

“உட்காருடா” என்றேன். தப்பு அங்கேதான். சாரிடம் பதில் இல்லை என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

புதன்கிழமை இரண்டாம் பீரியடில் வினாத்தாளை நீட்டினேன். “எதிர்பார்த்தியா?” “இல்ல சார்.” ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். தாளை வாங்கிக்கொண்டே கேட்டான்: “சரி சார், என் கணக்குல எந்த வரி தப்பு?”

வம்புக்குக் கேட்கிறவன் வகுப்பு சிரித்ததும் உட்கார்ந்துவிடுவான். இவன் சிரிப்பெல்லாம் அடங்கி ஐந்து நாள் கழித்துக் கேட்கிறான். பதில் தேடித்தான் ஆகவேண்டும்.

தேடியதில் கொஞ்சம் ஆறுதல். 1948-லேயே ‘மைண்ட்’ என்ற தத்துவ இதழில், ராணுவ முகாமின் விளக்கணைப்பு ஒத்திகையாக இந்தப் புதிர் வந்திருக்கிறது. எனக்குப் பிடித்த பதில், 1953-ல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் குவைன் அதே இதழில் சொன்னது. வியாழன் மாலை வரை டெஸ்ட் வராவிட்டால், ‘நாளைக்குத்தான்’ என்று பையன் முடிவுகட்ட முடியாது. சார் சொன்னதே நடக்காமல் போகலாம். அந்தச் சந்தேகம் இருக்கும்வரை வெள்ளிக்கிழமையும் எதிர்பாராத நாள்தான்.

மறுவாரம் அவனையே கரும்பலகைக்குக் கூப்பிட்டு, ஐந்து நாளையும் எழுதி ஒவ்வொன்றாக அடிக்கச் சொன்னேன். ஒன்றும் இரண்டும் சமம் என்று நிரூபிக்க வருகிறவர்களையும் இப்போது இப்படித்தான் எழுதவைக்கிறேன். வாயால் சொல்லும்போது நழுவிவிடும், பூஜ்ஜியத்தால் வகுக்கிற அந்த வரி, சாக்பீஸில் மாட்டிக்கொள்ளும்.

வெள்ளியின் மேல் கோடு போட்டதுமே நிறுத்தினேன். “நான் டெஸ்ட் வைக்கவே மறந்திருந்தா?”

சாக்பீஸோடு கொஞ்ச நேரம் நின்றான்.

“அப்ப நீங்க சொல்றதை நம்பக் கூடாதுங்கிறீங்களா சார்?”