மூளை கற்கும் வகை

வடசென்னையில் இராயபுரத்தை அடுத்து ஸ்டான்லி மருத்துவமனை உள்ளது. முற்காலத்தில் பஞ்சத்தால் வாடினோர்க்குக் கஞ்சி வார்த்த இடத்தில் தோன்றியமையால், மக்கள் அதனைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று வழங்கி வந்தனர். துறைமுகமும் தொழிற்சாலைகளும் நிறைந்த அப்பகுதியில் உழைப்பாளிக்குக் கையே முதற்பொருள். இயந்திரத்தில் சிக்கிக் கை சிதைந்தோர்க்கு மருத்துவம் செய்ய, அங்குத் தனித் துறையே உண்டு.

அம்மருத்துவமனையைச் சார்ந்த கல்லூரியில் பயின்று மருத்துவரானவர் வி. எஸ். இராமச்சந்திரன். 1951 ஆம் ஆண்டில் தமிழகத்தில் பிறந்த இவர், பின்னர்க் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, அமெரிக்காவில் மூளை ஆராய்ச்சியில் ஈடுபட்டார்.

கையை இழந்தோர் பலர், அக்கை இன்னும் இருப்பதாகவே உணர்வர். சிலர்க்கு அது இறுக மடங்கியிருப்பதுபோல் தோன்றித் தாங்கொணா வலியைத் தரும். இல்லாத கை வலிப்பது எங்ஙனம்? 'அசை' என்று மூளை ஆணையிடுகிறது. 'அசையவில்லை' என்று கண் மறுமொழி கூறுகிறது. பன்முறை இவ்வாறு நிகழவே, அசைக்க இயலாது என்பதையே மூளை பாடமாகக் கற்றுவிடுகிறது என்று இராமச்சந்திரன் கருதினார்.

தவறாகக் கற்றதைத் திருத்தவும் கற்பிக்கலாம் அன்றோ? 1990களில் அவர் ஒரு பெட்டியின் நடுவே நிலைக்கண்ணாடி ஒன்றை நிறுத்தினார். நோயாளி தம் நல்ல கையை அதன் முன் அசைத்தார். கண்ணாடியில் தெரிந்த பிம்பம், இழந்த கையே மீண்டு வந்து அசைவதுபோல் காட்சியளித்தது. மூளை எதிர்பாராத மறுமொழி அது! சிலர்க்கு இறுக்கம் தளர்ந்தது, வலியும் குறைந்தது. எல்லார்க்கும் இம்முறை பயன் தரவில்லை எனினும், மூளை மாறவல்லது என்பதை இஃது உணர்த்திற்று.

எதிர்பார்த்ததற்கும் நேர்ந்ததற்கும் உள்ள வேறுபாடே மூளைக்கு ஆசான். இதனைச் சுவிட்சர்லாந்திலும் பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் ஆராய்ந்தவர் வுல்ஃப்ரம் ஷூல்ட்ஸ். அவர் குரங்கிற்கு ஒளியைக் காட்டிப் பின்னர்ப் பழச்சாறு அளித்தார். மூளையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பை அளந்தார். எதிர்பாராது சாறு கிடைத்தபோது அவை விரைந்து துடித்தன. ஒளிக்குப்பின் சாறு வரும் என்று குரங்கு கற்றபின், ஒளியைக் கண்டதுமே துடித்தன. சாறு வந்தபோது அவ்விரைவு காணப்படவில்லை. ஒளி தோன்றியும் சாறு வாராதபோது துடிப்புக் குறைந்தது. ஆகவே, அவ்வணுக்கள் பரிசை மட்டும் அறிவிப்பன அல்ல; எண்ணியதற்கும் எய்தியதற்கும் உள்ள வேறுபாட்டையே அறிவிக்கின்றன. இவ்வாராய்ச்சிக்காக 2017 ஆம் ஆண்டில் ஷூல்ட்ஸுக்கும் வேறு இருவர்க்கும் 'மூளைப் பரிசு' வழங்கப்பெற்றது.

மாணவர்களே! கணக்கில் விடை பிழைத்தவுடன், 'இஃது என் தலையில் ஏறாது' என்று சோர்வடையாதீர்கள். அவ்வாறே நாள்தோறும் கூறி முயலாதிருந்தால், இயலாமையே உங்கள் பாடமாகிவிடும். எண்ணிய விடை யாது, சரியான விடை யாது, இரண்டும் எங்கே வேறுபட்டன என்று ஆராயுங்கள். பிறகு மீண்டும் செய்து பாருங்கள். கற்றல் அவ்விடத்தில்தான் தொடங்குகிறது.