குருதிவழி வரும் பகை

நோயின் இயல்பு

ஆடிப்பூரத் திருநாளில் திருவில்லிபுத்தூரின் தேரோடும் வீதிகள் மக்களால் நிறைகின்றன. காது குத்துவோரும் பச்சை குத்துவோரும் வழியோரம் அமர்ந்திருப்பது நம் திருவிழாக்களில் காணும் காட்சியே. ஒருவரின் தோலைத் துளைத்த ஊசி, தூய்மை செய்யப்படாமல் மற்றொருவரின் தோலையும் துளைக்குமானால், கண்ணுக்குப் புலப்படாத துளிக் குருதியும் நோயைக் கடத்திவிடும். அவ்வாறு பரவும் நோய்களுள் ஒன்று, ‘ஹெபடைடிஸ் சி’ என்னும் கல்லீரல் அழற்சி.

இந்நோயை உண்டாக்கும் வைரசு 1989ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. இவ்வாய்வுக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவரும் 2020ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். தொற்றியவருள் பெரும்பாலோர்க்குத் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேர் தாமாகவே நலமடைகின்றனர். ஏனையோரின் உடலில் நோய் நிலைத்துவிடுகிறது; அவர்களுள் சிலருக்குப் பல்லாண்டுகளுக்குப் பின் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படுகிறது.

பரவும் வழிகள்

மஞ்சள் காமாலை என்றதும் குடிநீரையே பலரும் ஐயுறுவர். ஹெபடைடிஸ் ஏ, ஈ ஆகியன மாசடைந்த நீராலும் உணவாலும் பரவுவன. ஹெபடைடிஸ் சி அவ்வாறன்று. அது குருதி வழியே பரவுகிறது. ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்துதல், சோதிக்கப்படாத குருதியை ஏற்றுதல், முறையாகத் தூய்மை செய்யப்படாத மருத்துவக் கருவிகள், சவரக்கத்தியைப் பகிர்தல் ஆகியன அதன் வழிகள். தொற்றுள்ள தாயிடமிருந்து மகப்பேற்றின்போது குழந்தைக்கும் சில வேளைகளில் இது பரவக்கூடும். உடன் அமர்ந்து உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, தழுவுவதாலோ இந்நோய் பரவாது.

நன்னோக்கமும் கவனமின்மையால் தீமையாகலாம் என்பதற்கு எகிப்து நாடு சான்று. அங்கு நத்தைவழிப் பரவும் புழுநோயை ஒழிக்க, 1950களிலிருந்து பல்லாண்டுகள் மக்களுக்கு ஊசி போடப்பட்டது. சரிவரக் கொதிக்கவைக்கப்படாத கண்ணாடி ஊசிகள், ஒரு நோயை நீக்க முயன்று மற்றொரு நோயைப் பரப்பின. பின்னாளில் அந்நாடே கோடிக்கணக்கானோரைச் சோதித்து, நோயுற்றோர்க்கு மருந்தளித்து, உலகம் போற்றும் வகையில் மீண்டெழுந்தது.

அண்மையில் நிகழ்ந்த பாடம்

இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அமைந்துள்ள விருதுநகர் மாவட்டமும் இத்தகைய துயரை அறியும். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்ற பெண்ணொருவருக்கு ஏற்றப்பட்ட குருதியில் எச்.ஐ.வி. தொற்று இருந்தது. குருதி வங்கியில் கண்டறியப்படாத அத்தொற்று, கொடையளித்த இளைஞர் வேறொரு சோதனையால் தம் நிலையறிந்து தெரிவித்த பின்னரே வெளிப்பட்டது. நோய் வேறாயினும் அது வந்த வழி ஒன்றே. கொடையாகப் பெறும் ஒவ்வோர் அலகுக் குருதியிலும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்தையும் சோதிப்பது சட்டப்படி கட்டாயம். அச்சோதனையில் நேரும் ஒரு பிழை ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றிவிடும்.

காக்கும் முறைகள்

ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. சி நோய்க்கு இன்றுவரை இல்லை. ஆகவே விழிப்புணர்வே அரணாகும். உறை பிரிக்கப்படாத புதிய ஊசியையே பயன்படுத்துமாறு கேட்பது நோயாளியின் உரிமை. முடிதிருத்தகத்தில் ஒவ்வொருவருக்கும் புதிய சவர அலகு வேண்டும். பல்துலக்கி, நகவெட்டி ஆகியவற்றையும் பகிர்தல் கூடாது. உரிமம் பெற்ற குருதி வங்கியிலிருந்தே குருதி பெறவேண்டும்.

நோய் வந்தாலும் நம்பிக்கை இழத்தல் வேண்டா. ஏறத்தாழ பன்னிரண்டு வாரங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முற்றும் குணமடைகின்றனர். 2018 சூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ்ச் சோதனையும் மருந்தும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. நோயுற்றவரை ஒதுக்கினால் அவர் நோயை மறைப்பார். அரவணைத்தால் சோதனைக்கு முன்வருவார். ஒதுக்கப்பட வேண்டியது ஒருமுறை பயன்படுத்திய ஊசியே. நோயுற்ற மனிதர் அல்லர்.