டீலர் எதையும் யோசிப்பதில்லை

கோவாவுக்குப் போகிறவர்களில் சிலர் ஒரு மாலைப் பொழுதை மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலுக்கென்று ஒதுக்குகிறார்கள். ரம்மியில் கைதேர்ந்தவருக்கு அங்கே பிளாக்ஜாக் மேசைதான் கண்ணை இழுக்கும். சீட்டு தெரிந்த சீட்டு, விதியும் சுலபம். 2 முதல் 10 வரை சீட்டில் போட்டிருக்கும் எண்ணே அதன் மதிப்பு. ஜாக்கி, ராணி, ராஜா மூன்றுக்கும் 10. ஏஸை 1 என்றும் வைத்துக்கொள்ளலாம், 11 என்றும் வைத்துக்கொள்ளலாம். நமக்கு இரண்டு சீட்டு வரும். கேசினோ சார்பில் சீட்டுப் போட்டு நமக்கு எதிராக ஆடும் டீலரின் சீட்டில் ஒன்று மட்டும் திறந்திருக்கும். வேண்டுமானால் இன்னும் சீட்டு கேட்கலாம், போதுமென்று நின்றும்விடலாம். கூட்டுத்தொகை 21ஐத் தாண்டினால் பஸ்ட், பந்தயப் பணம் போச்சு. முதல் இரண்டு சீட்டே ஏஸும் பத்து மதிப்புச் சீட்டுமாக அமைந்தால் அது பிளாக்ஜாக், அதற்குக் கூடுதல் பணம்.

ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். தவறான நம்பிக்கைகளும் அதே ஐந்து நிமிடத்தில் ஒட்டிக்கொண்டுவிடுகின்றன.

அவற்றில் முதலாவது, “21ஐ எட்டுவதுதான் ஆட்டம்” என்பது. இல்லை. டீலரை வெல்வதுதான் ஆட்டம். கையில் 12ஐ வைத்துக்கொண்டு சும்மா நின்றவரும் ஜெயிக்கலாம், டீலர் பஸ்ட் ஆனால் போதும். டீலருக்கோ சொந்தமாக எந்த முடிவும் கிடையாது. 16 வரை எடுத்தே ஆகவேண்டும், 17 வந்தால் நின்றே ஆகவேண்டும். (ஏஸை 11 என்று கொண்டு வரும் 17இல் மட்டும் சில மேசைகளில் இன்னொன்று எடுப்பார்கள், அது ஆட்டக்காரருக்குக் கொஞ்சம் பாதகம்.) ரம்மியில் எதிராளி எடுப்பதையும் கழிப்பதையும் பார்த்து அவர் மனதைப் படிக்கிறோம். இங்கே படிக்க மனமே இல்லை. டீலரின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவரது திறந்த சீட்டைப் பார்த்திருக்கலாம்.

16 என்ற கையை எடுத்துக்கொள்வோம், ஆட்டத்தின் ஆகக் கசப்பான கை இதுதான். இன்னொரு சீட்டு கேட்டால் பஸ்ட் ஆகும் வாய்ப்பு 13இல் 8, அதாவது சுமார் 62 சதவீதம். டீலர் முன் 6 இருந்தால் அவர் பஸ்ட் ஆகும் வாய்ப்பு ஏறக்குறைய 42 சதவீதம். அங்கே நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதே 16, எதிரே 7 என்றால் டீலர் பஸ்ட் ஆவது நூற்றுக்கு 26 தடவைதான். மற்ற தடவை எல்லாம் அவரிடம் 17க்குக் குறையாமல் இருக்கும், நம் 16 செத்த கை. 62 சதவீத அபாயம் தெரிந்தே சீட்டு கேட்க வேண்டிய இடம் அது. கேட்டால் நூறு ரூபாய்ப் பந்தயத்துக்குச் சராசரியாக 41 ரூபாய் நஷ்டம், நின்றால் 48. இரண்டும் நஷ்டமே. “சரியாக ஆடினால் ஜெயிக்கலாம்” என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இந்தப் பகுதியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். சரியான ஆட்டத்தில் பெரும்பகுதி நஷ்டத்தைக் குறைப்பதுதான்.

“டீலர் எப்போதும் ஜெயிக்கிறாரே, அவரைப் போலவே 17 வரை எடுத்து ஆடினால் என்ன?” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேசினோவின் வருமானம் டீலரின் விதியில் இல்லை, வரிசையில் இருக்கிறது. முதலில் ஆட வேண்டியது நாம். நாம் பஸ்ட் ஆனதும் பந்தயப் பணத்தை எடுத்துவிடுவார்கள், பிறகு டீலரும் பஸ்ட் ஆனாலும் அது திரும்பி வராது. டீலரின் விதிப்படி ஆடும் கை சுமார் 28 சதவீதம் பஸ்ட் ஆகும். இருவரும் அப்படியே ஆடினால் நூறில் எட்டு ஆட்டம் இரு தரப்பும் பஸ்ட். அந்த எட்டும் கேசினோவுக்கு. பிளாக்ஜாக்குக்குத் தரும் கூடுதல் பணத்தில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் நமக்குத் திரும்பும். மீதி ஐந்தரை சதவீதம் போனது போனதுதான். இதற்கு ஏமாற்று வேலை எதுவும் தேவையில்லை.

இந்த ஐந்தரையைக் குறைக்க முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் நான்கு அமெரிக்க ராணுவத்தினர். ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டெர்மாட். மேரிலாந்தின் அபர்டீன் ராணுவத் தளத்தில் இருந்தபடி, மேசைக் கணக்குப் பொறிகளை வைத்து ஒவ்வொரு கைக்கும் எது உகந்தது என்று கணக்கிட்டு, 1956இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்க இதழில் வெளியிட்டார்கள். எப்போது கேட்பது, எப்போது நிற்பது, எப்போது பந்தயத்தை இரட்டிப்பது, எப்போது ஜோடியைப் பிரிப்பது என்ற அந்த அட்டவணையை ஒழுங்காகப் பின்பற்றினால், நல்ல விதிகள் உள்ள மேசையில் கேசினோவின் அனுகூலம் அரை சதவீதம் அளவுக்கு இறங்கும். இறங்குமே தவிர மறையாது.

டீலருக்குச் சற்று முன் ஆடும் கடைசி இருக்கைக்காரர் பாவம், மேசையில் எல்லோரிடமும் ஏச்சு வாங்குவார். “நீ அந்தச் சீட்டை எடுக்காமல் இருந்தால் டீலர் பஸ்ட் ஆகியிருப்பார்!” எடுத்ததால் டீலர் பஸ்ட் ஆன ஆட்டங்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அடுத்த சீட்டு எதுவென்று தெரியாதவரை அவர் செய்வது நல்லதும் கெட்டதும் சம அளவே.

டீலரிடம் ஏஸ் தெரியும்போது “இன்சூரன்ஸ்” எடுக்கச் சொல்வார்கள். பெயரில்தான் பாதுகாப்பு, உண்மையில் டீலரின் மறுசீட்டு பத்து மதிப்புள்ளது என்று கட்டும் தனிப் பந்தயம். வென்றால் ஒன்றுக்கு இரண்டு தருவார்கள். நஷ்டமில்லாமல் இருக்க மூன்றில் ஒரு சீட்டாவது பத்தாக இருக்க வேண்டும். ஆறு கட்டு வைத்து ஆடும் மேசையில் 312 சீட்டு. டீலரின் ஏஸைக் கழித்தால் 311, அதில் பத்து மதிப்புச் சீட்டு 96. வேண்டியது 104. இன்சூரன்ஸில் போடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏழு ரூபாய்க்கு மேல் கரைகிறது. நம்மிடமே பிளாக்ஜாக் இருக்கும்போது “சமப் பணம் வாங்கிக்கொள்ளுங்கள்” என்பதும் இதே பந்தயம்தான், வேறு சட்டை போட்டு வருகிறது.

வந்துபோன சீட்டுகளைக் கொண்டு மீதிச் சீட்டு நமக்குச் சாதகமா என்று கணிக்கும் சீட்டு எண்ணுதலைப் பற்றிச் சினிமா கட்டிவிட்ட கதை தனி. அதற்கு அபார நினைவாற்றல் வேண்டும் என்று நினைக்கிறார்கள். பரவலாகப் பயன்படும் முறையில் 2 முதல் 6 வரை வந்தால் ஒன்று கூட்டவேண்டும், பத்து மதிப்பும் ஏஸும் வந்தால் ஒன்று கழிக்கவேண்டும், 7, 8, 9 வந்தால் ஒன்றும் செய்யவேண்டாம். பள்ளிப் பிள்ளைக்கே வரும். அந்த எண்ணை இன்னும் எத்தனை கட்டு பாக்கி என்பதோடு சேர்த்துப் பார்த்து, இரைச்சலுக்கு நடுவே மணிக்கணக்கில் பிசகாமல் இருப்பதுதான் கடினம். கிடைக்கும் அனுகூலமோ ஒரு சதவீதத்தை ஒட்டி. சீட்டைத் தொடர்ந்து கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம் வைத்த மேசையில் அதுவும் இல்லை. கணிதவியலர் எட்வர்ட் தோர்ப் 1962இல் புத்தகம் எழுதிச் சீட்டு எண்ணுவதை ஊரறியச் செய்தார். கருவி எதுவும் இல்லாமல் மனதுக்குள் எண்ணுவது அமெரிக்காவில் குற்றமல்ல. ஆனாலும் நெவாடாவில் கேசினோ வெளியே போகச் சொல்லலாம். நியூ ஜெர்சியில் அப்படித் துரத்தப்பட்ட கென் அஸ்டன் என்ற ஆட்டக்காரர் வழக்குப் போட்டார். எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரைக் கேசினோ தானாகத் தடுக்க முடியாது என்று 1982இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு அங்கே கேசினோக்கள் சீட்டை அடிக்கடி கலைத்துப்போடத் தொடங்கின.

“பிளாக்ஜாக்கும் திறமை ஆட்டம்தான், திறமை ஆட்டத்துக்குத் தடை கிடையாது” என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1968இல் நம் உச்ச நீதிமன்றம் திறமை ஆட்டம் என்று சொன்னது ரம்மியை. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற பிரிவினையே பார்க்கவில்லை.

கடைசியாக, “எல்லா பிளாக்ஜாக் மேசையும் ஒன்றுதான்.” மேசை விரிப்பில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு உட்காருங்கள். 3க்கு 2 என்றிருந்தால் நூறு ரூபாய்ப் பந்தயத்தில் வரும் பிளாக்ஜாக்குக்கு 150 கிடைக்கும். 6க்கு 5 என்றிருந்தால் 120. எண்கள் பெரிதாகத் தெரிவதால் இரண்டாவதுதான் தாராளம் என்று தோன்றும். சுமார் 21 கைக்கு ஒரு தடவை வரும் கை அது. அந்த 30 ரூபாய் வித்தியாசம் மட்டுமே கேசினோவின் அனுகூலத்தில் ஏறக்குறைய 1.4 சதவீதத்தைக் கூட்டிவிடும். அபர்டீன் நால்வரின் அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு போனவரும் அந்த மேசையில் அரைக்குப் பதில் இரண்டு சதவீதத்தை ஒட்டித்தான் இழப்பார்.