முந்திரிக் கொட்டையும் அதன் சொந்தங்களும்

பாயசத்தில் மிதக்கும் முந்திரிப் பருப்பு வெள்ளையாக இருக்கும். அதை உடைத்து எடுத்த கையைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கை கறுத்திருக்கும். விரல் நுனியில் தோல் உரிந்திருக்கும்.

கேரளாவில் கொல்லம் என்ற ஊர் முந்திரித் தொழிலுக்குப் பேர் போனது. முந்திரி ஆலையை அங்கே 'அண்டியாபீஸ்' என்பார்கள். பக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதே பேர்தான். கொட்டை உடைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கொல்லத்தில் பல ஆலைகளை மூடிவிட்டார்கள். ஆனால் ஆலை நடக்கிற இடத்தில் எல்லாம் கையில் புண்ணும் உண்டு.

காரணம், கொட்டையின் ஓடு. அது இரண்டு அடுக்காக இருக்கும். நடுவே தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள். அந்த அறைகளில் பழுப்பு நிற எண்ணெய் இருக்கிறது. ஓட்டை உடைத்தால் எண்ணெய் தெறிக்கும். பட்ட இடம் பொசுங்கும். கொட்டையை வறுத்தாலும், ஆவியில் வேக வைத்தாலும் எண்ணெய் முழுவதும் போகாது. இந்த எண்ணெய்க்கு நல்ல விலை உண்டு. பெயின்ட் செய்யவும், வண்டியின் பிரேக் கட்டை செய்யவும் வாங்குகிறார்கள்.

முந்திரி பிரேசில் நாட்டு மரம். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இங்கே கொண்டு வந்தார்கள். மலையாளத்தில் அதற்குப் 'பறங்கிமாவு' என்று ஒரு பேர் உண்டு. பறங்கி என்றால் போர்ச்சுகீசியர். மாவு என்றால் மாமரம். பேர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்தார்கள். முந்திரியும் மாவும் ஒரே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாவதும் இந்த உறவால்தான்.

சேங்கொட்டையும் சொந்தம்தான். சலவைத் தொழிலாளர்கள் துணியில் அழியாத குறி போட்டது இதன் சாற்றால்தான். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் இந்தியாவில் இருந்தார்கள். அவர்கள் சட்டையிலும் இந்தக் குறி விழுந்தது. குறி பட்ட இடத்தில் அரிப்பும் கொப்புளமும் வந்தன. அவர்கள் ஊரில் 'பாய்சன் ஐவி' என்று ஒரு கொடி உண்டு. ஒரு காம்புக்கு மூன்று இலை. தொட்டால் இதே கொப்புளம்தான். அந்தக் கொடியும் மாமரக் குடும்பமே. எண்ணெயும் ஏறக்குறைய ஒரே வகை. ஒன்று ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இந்த அரிப்பு மெதுவாக வரும். முதல் தடவை ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆனால் உடம்பு அந்த எண்ணெயை எதிரி என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும். மறுபடி பட்டால் ஒன்றிரண்டு நாளில் கொப்புளம் கிளம்பும்.

பூச்சிகளுக்கு இந்தக் கவலை இல்லை. பாய்சன் ஐவி இலையைப் புழுக்கள் தின்கின்றன. ஆடும் மானும்கூடத் தின்னும். முந்திரித் தளிரில் தேயிலைக் கொசு சாறு உறிஞ்சும். பேர்தான் கொசு. உண்மையில் அது ஒரு நாவாய்ப்பூச்சி. அது குத்தினால் தளிரும் பூங்கொத்தும் கருகும். அடிமரத்தில் பிசின் வடிந்து மரத்தூள் கொட்டுகிறதா? உள்ளே தண்டு துளைக்கும் புழு இருக்கிறது. பட்டையைச் செதுக்கிப் புழுவை எடுக்க வேண்டும். மரத்தில் முசுறு எறும்புக் கூடு இருந்தால் கலைக்காதீர்கள். முசுறு கடிக்கத்தான் செய்யும். ஆனால் தேயிலைக் கொசுவைப் பிடித்துத் தின்னும்.

கையில் எண்ணெய் பட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். நகக்கண்ணையும் விடக் கூடாது. கொப்புளத்து நீர் மற்றவருக்கு ஒட்டாது. ஆனால் வேலைச் சேலையில் உள்ள எண்ணெய் பிள்ளைகள் மேல் படும். அதைத் தனியாகத் துவைக்க வேண்டும். ஓட்டை வீட்டு அடுப்பில் எரிக்கக் கூடாது. புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும்.

கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பல் அல்லது விளக்கெண்ணெய் பூசிக்கொள்வார்கள். அது கொஞ்சம் தாங்கும். கையுறை இன்னும் நல்லது. ஆனால் கையுறை போட்டால் விரல் வேகம் குறைகிறது. கூலியோ உடைத்த எடைக்குத்தான். எடை குறைந்தால் கூலியும் குறையும். அதனால் கையுறை கிடைத்தாலும் கழற்றி வைத்துவிடுகிறார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. விரலோடு ஒட்டி நிற்கும் மெல்லிய கையுறை வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு உடைக்க முடிகிற அளவுக்குக் கூலிக் கணக்கும் மாற வேண்டும். ஒருத்தி தனியாகக் கேட்டால் கிடைக்காது. ஆலையில் உள்ள எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டும்.