நாலாவது இடத்தில் ஃபால்ஸ்: 46 வயதில் கற்ற எக்செல் பாடம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்டண்டாக இருக்கிறேன். எக்செலை இருபது வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இருந்தும் 46 வயதில் மாலை நேர எக்செல் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். வாரச் சம்பள ஷீட்டில் உள்ள ஃபார்முலாவை எனக்கு முன்பு இருந்தவர் எழுதி வைத்துப் போனார். அதைக் கீழே இழுத்துவிடத்தான் எனக்குத் தெரியும். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது.

வகுப்பில் மற்றவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். போர்டில் எழுதியதை அவர்கள் செல்போனில் படம் எடுத்துக் கொள்வார்கள். நான் ஒருவன்தான் நோட்டில் எழுதுவேன். சொல்லிக் கொடுப்பவருக்கு என் மகள் வயது. அவர் என்னை சார் என்பார். நான் அவரை மேடம் என்பேன். முதல் இரண்டு வாரம் தெரிந்த பாடம்தான். உண்மையைச் சொன்னால் தூக்கம் வந்தது.

மூன்றாவது வாரம் வி-லுக்கப் நடத்தினார். ஓர் எண்ணைக் கொடுத்தால் அட்டவணையின் முதல் காலத்தில் அதைத் தேடி, அதே வரிசையில் உள்ள வேறொரு விவரத்தை எடுத்துத் தரும் ஃபங்ஷன் இது. இதற்கு நான்கு விவரங்கள் தர வேண்டும்: எதைத் தேடுவது, எந்த அட்டவணையில், எத்தனையாவது காலத்தை எடுப்பது. நான்காவதாக ட்ரூ அல்லது ஃபால்ஸ். இந்த நான்காவதைத் தராவிட்டாலும் ஃபார்முலா வேலை செய்யும். சிக்கலே அதில்தான்.

மேடம் 101, 104, 109, 115 என்று நான்கு எண்களை எழுதிவிட்டு, "112-ஐத் தேடினா என்ன வரும் சார்?" என்று கேட்டார். "எரர் வரும்" என்றேன். என்டர் தட்டினார். 109-க்கு உரிய தொகை வந்து நின்றது.

நான்காவது இடத்தை விட்டுவிட்டால் எக்செல் அதை ட்ரூ என்று எடுத்துக் கொள்கிறது. அப்போது பட்டியல் ஏறு வரிசையில் இருப்பதாக நம்பி, அகராதியை நடுவில் பிரித்துப் பார்ப்பது போலப் பாதி பாதியாக ஒதுக்கித் தேடுகிறது. ஆயிரம் வரிகளையும் ஏறக்குறைய பத்தே முறையில் தேடி முடித்துவிடலாம். கேட்ட எண் இல்லையென்றால் அதைவிடச் சிறியவற்றில் பெரியதைத் தரும். பட்டியல் வரிசை மாறியிருந்தால், இருக்கிற எண்ணுக்கே தவறான விடை வரலாம். ஃபால்ஸ் கொடுத்தால் அதே எண் இருந்தால்தான் விடை; இல்லாவிட்டால் #என்/ஏ என்று காட்டிவிடும்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு டெய்லர், "ஏனுங்க சார், எனக்கு மட்டும் சம்பளம் கம்மியா வருதுங்க" என்று வந்து நின்றார். "கம்ப்யூட்டர் போட்ட கணக்குப்பா, தப்பா வராது" என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஷீட்டைத் திறந்தேன். அவருடைய டோக்கன் எண்ணை ரேட் பட்டியலில் சேர்க்க நான் மறந்திருந்தேன். ஃபார்முலாவில் நான்காவது இடம் இல்லை. அவருக்கு முந்தைய எண் ஒரு ஹெல்பருடையது. ஷிஃப்டுக்கு 550 ரூபாய் வர வேண்டியவருக்கு 420 ரூபாய் போயிருந்தது. பதினொரு வாரம், வாரத்துக்கு ஆறு ஷிஃப்ட். 8,580 ரூபாய். முதலாளியிடம் சொல்லி அந்தச் சனிக்கிழமையே கொடுக்க வைத்தேன். டெய்லர் எண்ணிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே பார்த்திருக்கலாமுங்க" என்றார். என்னிடம் பதில் இல்லை.

உங்கள் ஷீட்டையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பட்டியலில் இல்லாத ஓர் எண்ணைக் கொடுங்கள். #என்/ஏ வராமல் தொகை வந்தால் நான்காவது இடத்தில் ஃபால்ஸ் சேருங்கள். சேர்த்த பிறகு, பட்டியலில் இருக்கிற எண்ணுக்கும் #என்/ஏ வருகிறதா? அந்த எண் டெக்ஸ்டாகப் பதிவாகியிருக்கலாம். சாதாரணமாக எண் செல்லின் வலது பக்கம் ஒட்டி நிற்கும், டெக்ஸ்ட் இடது பக்கம் நிற்கும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எரர் அசிங்கமாக இருக்கிறதென்று அதை மறைத்து பூஜ்யம் வரவைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. சம்பள ஷீட்டில் அதைச் செய்யாதீர்கள்.

ட்ரூ வீண் என்று நினைத்துவிட வேண்டாம். 0, 35, 60, 75 என்று மதிப்பெண் வரம்புகளை ஏறு வரிசையில் வைத்து கிரேடு போட அதுதான் சரி. 59 வாங்கியவர் 35-க்கு உரிய கிரேடில் விழுவார்.

எக்செல் 2021, மைக்ரோசாஃப்ட் 365 ஆகியவற்றில் எக்ஸ்-லுக்கப் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. இது எதுவும் சொல்லாவிட்டாலும் அதே எண்ணைத்தான் தேடும். எக்செல் 2019-லும் அதற்கு முந்தையவற்றிலும் இது கிடையாது. எங்கள் ஆபீஸில் இருப்பது 2016. ஆகவே ஃபால்ஸ்தான். அடுத்த வாரம் பிவட் டேபிள் என்று மேடம் சொல்லியிருக்கிறார். அதிலும் எங்கள் ஷீட் ஒன்று இருக்கிறது.