ஜெயிச்சவனுக்கு எழவுக் கொட்டு

‘ட்ரைபல் மேளம் வேணும்’ என்று யார் வந்து நின்றாலும், எந்த மலை, எந்தச் சனம் என்று முதலில் கேட்டுவிடுங்கள். நீலகிரியில் கோத்தர் வாசிப்பது ஒன்று, இருளர் வாசிப்பது வேறொன்று. எங்கள் அரியலூர்ப் பக்கத்தில் பழங்குடி மேளம் கேட்க வேண்டுமென்றால் பச்சைமலை ஏற வேண்டும். மீன்சுருட்டியைச் சுற்றி நான் பதிவு செய்தது பறையும் உருமியும். ஊர் மேளம். என்னைக் கூப்பிட்ட சென்னைத் தயாரிப்பாளருக்கு எல்லாம் ஒன்றுதான். கங்கைகொண்ட சோழபுரம் பற்றிய பயண வீடியோ, ஒரு குறும்படம், சோழர் போரை வைத்து ஒரு மொபைல் கேம் என்று மூன்றுக்கும் ஒரே ஒலிப்பதிவில் முடிக்கச் சொன்னார்.

முடித்தேன். நன்றாகவே முடித்தேன். கெடுத்தது அதற்குப் பிறகு.

பறையில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வேளை உண்டு. சாமிச்சாட்டு அடி கோயிலுக்கு, சப்பரத்தடி ஊர்வலத்துக்கு, மருளடி அருள் வரவழைக்க, மாரடி எழவுக்கு. ஒவ்வொரு கோப்புக்கும் அடியின் பெயரை வைத்து, எது எதற்கு என்று தனித்தாளும் எழுதிக் கொடுத்தேன். தயாரிப்பாளர் பக்கத்தில் ஒரு மகராசன் பெயர்களையெல்லாம் அழித்துவிட்டு, வேகத்தை மட்டும் எண்ணாகப் போட்டு வைத்தார். கேமில் எதிரியின் கோட்டை விழுந்து வீரன் வாளைத் தூக்கும் இடத்துக்கு, அந்த வேகத்தில் பொருந்தியது எதுவோ அதை எடுத்து ஒட்டிவிட்டார்கள். பொருந்தியது மாரடி.

முன்னோட்டம் வெளிவந்த அன்று ராத்திரியே, எனக்குப் பறை வாசித்துக் கொடுத்த குழுவின் ஆசானிடமிருந்து போன். “என்ன தம்பி, ஜெயிச்சவனுக்கு எழவுக் கொட்டு கொட்டி வச்சிருக்கீங்க? எம் பேரன் தெருவெல்லாம் காட்டிட்டுத் திரியறான்.” அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சாவு மேளம் என்று பறையை ஒதுக்கி வைத்த ஊரில், அந்தப் பெயரை விட்டு வெளியே வரத்தான் அவர் அந்த வேலைக்கே ஒப்புக்கொண்டார்; எனக்குச் சிரிப்பு வரவில்லை. காட்சியை மாற்றச் சொன்னேன். ‘பசங்களுக்கு என்ன தெரியப்போகுது’ என்றார் தயாரிப்பாளர். அரியலூர், கடலூர்ப் பிள்ளைகள் வந்து கருத்துப்பெட்டியில் கிழித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மாற்றலாம் என்று போனால், கேமில் இசை அடுக்கடுக்காக இருக்கும்: சும்மா நடக்கையில் ஒரு பறை, எதிரி வந்தால் உருமி சேரும், சண்டையில் மொத்தக் குழுவும். ஒன்றைப் பிடுங்கினால் மற்றதும் ஆட்டம் காணும். எல்லாவற்றையும் திரும்ப வாசித்துப் பதிய வேண்டியதாயிற்று. அந்தச் செலவில் பாதியை என் கணக்கில் பிடித்தார்கள். ஆகவே, கோப்பின் பெயரை மாற்றினால் பொறுப்பு உங்களுடையது என்று ஒரு வரி எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

மற்றதெல்லாம் சுலபம். விக்கிரவாண்டி - தஞ்சாவூர் சாலையில் லாரி ஓயாது. உள்ளே தள்ளி யாராவது சொந்தக்காரர் முந்திரித் தோப்பில் போய்ப் பதியுங்கள். கீழே கிடக்கும் சருகே எதிரொலியைத் தின்றுவிடும். காய் பொறுக்கும் மாசத்தில் மட்டும் விட மாட்டார்கள். கோயிலுக்குள் படமெடுக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும், தெரிந்ததே. படத்துக்கு 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். கேமில் சுற்றி வரும் துண்டை எம்பி3 ஆக்காதீர்கள். தலையிலும் வாலிலும் துளி மௌனம் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் தாளம் நொண்டும்.

தோலைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பறையை வைக்கோல் தீயில் காட்டியதும் கணீரென்று இருக்கும். பொழுது சாய்ந்து பனி இறங்கினால் சுருதி இறங்கிவிடும். முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் வெட்டி ஒட்டினால் இரண்டு ஊர் மேளம் மாதிரிக் கேட்கும். ஒவ்வொரு பதிவுக்கு முன்னாலும் காய்ச்சச் சொல்லுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். காய்ச்சியதும் ஒற்றை அடிகளைத் தனியாக வாங்கி வையுங்கள். உருமியை வளைந்த குச்சியால் உரசும்போது எழும் அந்த உறுமல் தியேட்டரில் நெஞ்சை அடைக்கும், போன் ஸ்பீக்கரில் காணாமல் போகும். போனில் காதுக்கு எட்டுவது பறையின் சிம்புக்குச்சி தெறிப்புதான். கேமுக்கு அதை முன்னால் வையுங்கள்.

கடைசியாகப் பணமும் பெயரும். ‘நாட்டார் தாளத்துக்கு ஏது உரிமையாளர்’ என்று என்னிடமே வாதாடினார்கள். தாளத்துக்கு இல்லாமலிருக்கலாம், வாசித்த கைக்கு உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகலைஞர் உரிமை 50 வருஷத்துக்கு இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு பெயர் போடச் சொல்லிக் கேட்கும் உரிமையும் உண்டு. அட்டப்பாடியின் இருளர் பாடகி நஞ்சம்மாவை ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் அவர் பெயரிலேயே பாட வைத்தார்கள். 2022இல் அறிவித்த தேசிய விருதும் அவர் பெயருக்கே போனது. எங்கள் வீடியோவில் ‘ட்ரைபல் டிரம்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். நான் சண்டை போட்ட பிறகு ஆசான் பெயரும் குழுவினர் பெயரும் ஏறின. அதற்காக என்னைத் தலைக்கனம் பிடித்தவன் என்று சொல்லித் திரிகிறார்களாம், திரியட்டும்.

கேமின் இரண்டாம் பாகத்துக்கு அதே தயாரிப்பாளர் மறுபடி தூது விட்டிருக்கிறார். பிடித்த பாதியை ஆசானின் கணக்கில் போட்டுவிட்டு வந்து பேசச் சொல்லியிருக்கிறேன்.