சினையில் இருப்பது கட்டியல்ல

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் மீன்சருவத்தை வாசலில் இறக்கிவைக்கும் பூந்துறைப் பெண்களிடம் இப்போது விலைக்கு முன்னால் வேறொன்றைச் சொல்கிறார்கள். "சினைமீன் வேண்டாம்க்கா. அதுல கட்டி இருக்குமாம், தின்னா கர்ப்பப்பையிலயும் கட்டி வருமாம்." படித்தவர்களும் இதையே சொல்வதுதான் எரிச்சலாக இருக்கிறது. மீன் நோய்களை நுண்ணோக்கியில் பார்ப்பதே தொழிலாக இருந்தவன் சொல்கிறேன்: இது முழுப் பொய்.

மீனுக்குக் கட்டி வராதா? வரும். 1965-லேயே அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் மீன், மட்டி போன்ற உயிர்களின் கட்டிகளுக்கென்று ஒரு பதிவகம் தொடங்கினார்கள். வட அமெரிக்கப் பேரேரிகளில் தங்கமீனும் கெண்டையும் கலந்து பிறந்த மீன்களின் சினைப்பையிலும் விந்தகத்திலும் கட்டிகள் கண்டார்கள். புளோரிடாவின் கலப்பின மட்டிகளிலும் அதே கதை. தொட்டியில் பல ஆண்டு வாழும் கோய் மீனுக்குச் சினைப்பைக் கட்டியால் வயிறு ஊதுவதுண்டு. ஆனால் அந்தக் கட்டி அந்த மீனின் சொந்தச் செல்களால் ஆனது. அடுப்பில் வெந்து சாகும், இரைப்பையில் செரிக்கும்.

2015-ல் மெட்ஸ்கர், கோஃப் ஆய்வுக் குழுவினர், வட அமெரிக்க மட்டிகளில் ரத்தப்புற்று போன்ற ஒரு நோய் மட்டியிலிருந்து மட்டிக்குத் தொற்றுவதைக் காட்டினார்கள். வதந்தி பரப்புவோருக்கு இது அல்வா. மனிதரை விடுங்கள், முதுகெலும்புள்ள எந்த உயிருக்கும் அது தாவியதாக ஒரு பதிவும் இல்லை.

கர்ப்பப்பையில் வரும் ஃபைப்ராய்டு கட்டி, அந்தப் பெண்ணின் தசைச் செல் ஒன்றிலிருந்தே வளர்வது. ஐம்பது வயதுக்குள் பெண்களில் பெரும்பாலோருக்குச் சிறிதோ பெரிதோ ஒன்று இருக்கும். பக்கத்திலேயே கோட்டைக்குள் அக்கிரகாரங்கள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக மீன் வாசனையே படாத அந்த வீடுகளிலும் கர்ப்பப்பைக் கட்டி வருகிறதே, அது எந்தச் சினையிலிருந்து வந்தது? சினையை ஒதுக்கிவிட்டோம் என்ற நிம்மதியில் அதிக உதிரப்போக்கைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் போங்கள்.

அப்படியானால் மீனை நறுக்கும்போது கண்ணில் படுவது என்ன? பெரும்பாலும் முற்றிய சினைதான். சினையில் சிவப்பு நூல்போல நெளிவது புழு. வங்கக் கடல் மீன்களில் இப்படிச் சினையில் வாழும் பல இனங்களை ஆய்வாளர்கள் விவரித்திருக்கிறார்கள். அருவருப்பாக இருந்தால் எடுத்துப் போடுங்கள். கலவா மீன் பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறும். மாறும் பருவத்தில் அதன் சினைப்பை இரண்டுங்கெட்டானாகத் தெரிவது இயல்பு. விழிஞ்ஞம் சிப்பியில் செங்கல் நிறத்தில் இருப்பது பெண், பால்வெள்ளையாக இருப்பது ஆண். இந்த நிற வேறுபாட்டை நோய் என்று எறிபவர்கள் நல்ல உணவைக் குப்பையில் கொட்டுகிறார்கள்.

ஃபார்மலின் போட்ட மீனில்தான் கட்டி வரும் என்பதும் தவறு. 2018-ல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறையின் 'ஆபரேஷன் சாகர் ராணி' சோதனைகளில் ஃபார்மலின் மீன் பிடிபட்டது உண்மை, அது உடலுக்குக் கேடு என்பதும் உண்மை. ஆனால் செத்த மீனில் கட்டி வளராது.

பயப்பட வேண்டியது தண்ணீரைப் பார்த்து. சிப்பி நீரை வடிகட்டித் தின்னும் உயிர். மலக்கழிவு கலந்த நீரில் வளர்ந்தால் அதன் கிருமிகளைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். நம் வீட்டருகே முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கக் கட்டிய நிலையம் இருக்கிறது. அப்படியிருந்தும் பார்வதி புத்தனாறு கால்வாய் சாக்கடையாகக் கிடக்கிறது. அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சினைமீனைப் பற்றிப் பேச வேண்டாம். எந்தெந்த வீட்டுக் கழிவுக்குழாய் இன்னும் மழைநீர் ஓடையில் திறந்திருக்கிறது என்று தெருத்தெருவாகக் கணக்கெடுத்து மாநகராட்சியிடம் கொடுங்கள்.